மூக்குப்பொடி விதையில் பெட்டூனியா

மலேசியாவின் கேமரன் மலைக்குப் போகும்போதெல்லாம் நான் தவறாமல் செய்துவந்த முட்டாள்தனம் ஒன்று உண்டு. பிரிஞ்சாங்கில் மற்றவர்கள் ஸ்ட்ராபெரியும் சோளமும் வாங்கிக்கொண்டிருக்க, நான் பூச்செடிக் கடைக்குள் நுழைந்து பெட்டூனியாவோடு வெளியே வருவேன். ஊதா, வெள்ளை விளிம்பு வைத்த சிவப்பு, ஓரம் முழுக்கச் சுருக்குத் தைத்தது போன்ற ரோஸ் என்று ஐந்து சட்டிகளாவது இருக்கும். சிம்பாங் பூலாய் வழியாக இறங்கும்போது மடியில் இரண்டு, காலடியில் மூன்று. சுங்கை சிப்புட் வீட்டு வாசலில் கொண்டுவந்து வைத்தால் முதல் வாரம் எங்கள் தாமான் குடியிருப்பு முழுக்கத் திரும்பிப் பார்க்கும். இரண்டாம் வாரம் இலை துவளும். மூன்றாம் வாரம் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவைப்பேன்.

நான்கு தடவை இப்படி ஆயிற்று. என் கணவர் செம்பனைக் குலை லாரி ஓட்டுகிறவர். டன் கணக்கும் எண்ணெய்க் கணக்கும் விரல் நுனியில் இருக்கும். "ஒரு பூவுக்கு எத்தனை வெள்ளி விழுகிறது என்று போட்டுப் பார்த்தாயா?" என்றார். நான் போட்டுப் பார்க்கவில்லை. அவர் போட்டுப் பார்த்திருக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது.

ஐந்தாவது தடவை செத்த செடியை அப்படியே குப்பையில் போடாமல், பழைய செய்தித்தாளை விரித்துச் சட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். 1,500 மீட்டர் உயரத்துக் குளிரில் வளர்ந்த செடி நம் ஊர் 33 டிகிரி வெயிலைத் தாங்காது என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். நானும் அதையே நம்பியிருந்தேன். வெயிலில் செத்த செடி என்றால் மண் காய்ந்திருக்க வேண்டும். இந்த மண்ணோ பிழிந்தால் சொட்டியது. வேர்கள் பழுப்பாக இருந்தன. ஒன்றைக் கிள்ளி இழுத்தேன். வேரின் மேல்தோல் உறை கழல்வதுபோல் வழுக்கிக்கொண்டு கையோடு வந்துவிட்டது. நடுவில் தையல் நூல் போல ஓர் இழைதான் மிச்சம். சாக்கடை நாற்றம் வேறு. செடி தாகத்தில் சாகவில்லை, மூழ்கிச் செத்திருக்கிறது. இலை வாடுகிறதே என்று நான் ஊற்றிய தண்ணீரும் அதில் சேர்த்தி.

அப்போதுதான் கேமரன் மலைச் சரிவுகள் நினைவுக்கு வந்தன. அங்கே மலையே பிளாஸ்டிக் போர்த்தியது போலிருக்கும். குளிருக்காகப் போட்டது என்று எண்ணியிருந்தேன். பக்கவாட்டில் திறந்து கிடக்கிற கூரை எந்தக் குளிரைத் தடுக்கும்? அது மழைக்குப் போட்ட கூரை.

இதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா முப்பது வருடத்துக்கு மேல் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். வெற்றிலையை மடித்தபடியே சொன்னார்: "மழையில் வெட்டுப்பட்டை நனையக்கூடாது என்று மரத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக்கைப் பாவாடை மாதிரி கட்டுவோம். அவ்வளவு பெரிய மரத்துக்கே பாவாடை கட்டினோம். உன் செடிக்கு ஒரு கூரை போட்டால் என்ன?"

சரி, கூரை போடலாம். ஆனால் மலையில் வளர்ந்த செடியை வாங்கிவந்து இங்கே பழக்குவதைவிட, இந்தக் காற்றிலேயே முளைத்து வளர்ந்த செடியாக இருக்கட்டும் என்று தோன்றியது. விதை போடுவது என்று முடிவெடுத்தேன்.

ஈப்போவில் ஒரு விதைக் கடைக்குப் போனால் கடை முதலாளி தவுக்கே பெட்டூனியாவில் மட்டும் ஏழெட்டுப் பொட்டலங்களை எடுத்துப் போட்டார். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இங்கேதான் ஏமாறுவார்கள் என்பதால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். படத்தில் தட்டு அளவு பூ காட்டுவது கிராண்டிபுளோரா. பத்து சென்டிமீட்டர்வரை அகலம் வரும், ஓரம் அலையலையாக இருக்கும். மல்டிபுளோராவின் பூ அதில் பாதிதான், ஆனால் எண்ணிக்கையில் கொட்டும். தரையில் படர்வதும் தொங்குசட்டியில் வழிவதும் வேறொரு வகை. அந்தப் படரும் வகைக்கு 1995இல் பேர் வாங்கிக் கொடுத்த ஊதா 'வேவ்' ஜப்பானின் கிரின் பீர் கம்பெனி உருவாக்கியது என்று படித்தபோது என் கணவருக்குப் பெட்டூனியா மேல் முதன்முதலாக மரியாதை வந்தது.

இன்னொன்று அடுக்குப் பூ. கார்னேஷன் போல இதழ் மேல் இதழாகக் கொசுவம் வைத்தது. தையற்காரி நான், அதைப் பார்த்தால் கை பரபரக்காதா? அடுக்குப் பூவில் சூலகம் சரியாக அமையாது, அதனால் தானாக விதை கட்டாது. மகரந்தம் மட்டும் நன்றாக இருக்கும். அதை எடுத்து ஒற்றை இதழ்ப் பூவில் சேர்த்துத்தான் விதை எடுக்க வேண்டும். முன்பெல்லாம் அப்படி எடுத்த விதையில் பாதி ஒற்றையாகவே முளைக்கும். நூற்றுக்கு நூறு அடுக்காகவே பூக்கும் விதையை ஜப்பானின் சகாத்தா விதைக் கம்பெனி கொண்டுவந்து 1934இல் அமெரிக்காவில் பரிசு வாங்கியது. ஆனால் அடுக்குப் பூ மழைத்தண்ணீரைக் கடற்பஞ்சு போல உறிஞ்சிக்கொண்டு தலைகுப்புறத் தொங்கும். ஆசையை அடக்கிக்கொண்டு பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கியவை இரண்டு: கிராண்டிபுளோரா கலவை, மேலே களிமண் பூசி உருட்டிய விதை, 20 எண்ணிக்கை; மல்டிபுளோரா, பூசாத விதை.

வீட்டுக்கு வந்து பூசாத விதையை வெள்ளைத் தாளில் கொட்டினேன். அம்மா எட்டிப் பார்த்து, "இது என்ன, மூக்குப்பொடியா?" என்றார்.

கேட்டதில் தப்பே இல்லை. ஒரு கிராம் எடைக்குக் கிட்டத்தட்ட 10,000 விதைகள் நிற்கும். கசகசா இதன் பக்கத்தில் பாறாங்கல். அதுவுமல்லாமல் பெட்டூனியாவும் புகையிலையும் ஒரே குடும்பம். கத்தரி, தக்காளி, மிளகாய் எல்லாம் அதே பங்காளிகள்தான். தென்அமெரிக்காவில் துப்பி மொழி பேசியவர்கள் புகையிலைக்குச் சொன்ன பேரைப் பிரெஞ்சுக்காரர்கள் 'பெத்தூன்' என்று எடுத்துக்கொள்ள, அதிலிருந்து வந்ததுதான் இந்தப் பூவின் பேர். பிற்பாடு செடி வளர்ந்து இலையைக் கசக்கியபோது அந்த வாடையும் பிசுபிசுப்பும் கையில் ஒட்டின.

முதல் விதைப்பு ஏப்ரலில். கீரை விதைக்கிற நினைப்பில் கொல்லை மண்ணையும் ஆட்டெருவையும் கலந்து, விதையைத் தூவி, அரை விரற்கடை மண்ணை மேலே தூவி, பூவாளியால் தண்ணீர் தெளித்தேன். கோரைப்புல் அருமையாக முளைத்தது. பெட்டூனியா ஒன்றுகூட வரவில்லை. இந்த விதை முளைக்க வெளிச்சம் வேண்டும். மண் மூடினால் இருட்டில் அப்படியே கிடந்து போய்விடும். பொட்டலத்தின் பின்பக்கத்தில் அச்சடித்திருந்தார்கள். படிக்காதது என் குற்றம்.

இரண்டாம் விதைப்பு ஜூனில். இந்தத் தடவை மண் மூடவில்லை. ஆறாம் நாள் பச்சைப் புள்ளிகள் தெரிந்தன. ஈரம் போகாதிருக்க மேலே பிளாஸ்டிக் மூடி போட்டிருந்தேன். முளைத்த பிறகும் அதை எடுக்க மனம் வரவில்லை. கைக்குழந்தைக்குப் போர்வை விலக்குகிற மாதிரி ஒரு பயம். பத்தாம் நாள் காலையில் பார்த்தால் ஒரு மூலையில் கைப்பிடி அளவு நாற்றுகள் சாய்ந்து கிடந்தன. தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் கிள்ளி எடுத்தது போல் மெலிந்து, கண்ணாடி மாதிரி ஈரமாக இருந்தது. சாயங்காலத்துக்குள் பாதித் தட்டு. மறுநாள் மிச்சமும் படுத்துவிட்டது. நாற்றழுகல். மண்ணில் இருக்கும் பூசணத்தின் வேலை. காற்றில்லாத ஈரமும் நெருக்கமும் சூடும் அதற்கு விருந்து. நல்லவேளையாகக் கிராண்டிபுளோராப் பொட்டலத்தை அதுவரை பிரிக்கவில்லை.

அதன்பின் தீபாவளித் தையல் வந்துவிட்டது. ஆகஸ்டிலிருந்து ரவிக்கையும் பாவாடை சட்டையும் மலையாகக் குவிந்ததில் பெட்டூனியாவுக்கு நேரமில்லை. தீபாவளி கழிந்து கை ஓய்ந்தபின், நவம்பர் 10ஆம் தேதி மூன்றாவது தடவை உட்கார்ந்தேன். இதுதான் பலித்தது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கொல்லை மண் ஒரு பிடிகூடச் சேர்க்கவில்லை. தேங்காய் நார்த்தூள் இரண்டு பங்கு, உமிக்கரி ஒரு பங்கு. நார்த்தூளில் உப்பு இருக்கும். வாளியில் ஊறவைத்து மூன்று தண்ணீர் மாற்றிப் பிழிந்தேன். பிழிந்த தண்ணீர் கறுப்புக் கோப்பி நிறத்தில் தொடங்கி மூன்றாவதில் தேநீர் நிறத்துக்கு வந்தது. இரண்டையும் கலந்து மாவுச் சல்லடையில் சலித்தேன், அம்மா தூங்குகிற நேரமாகப் பார்த்து. பிறகு கொதிக்கும் தண்ணீரைக் கலவை முழுக்க ஊற்றி ஆறவிட்டேன். உரம் எதுவும் போடவில்லை. முளைக்கிற விதைக்கு உரம் தேவையில்லை. பூசணத்துக்குத்தான் அது சாப்பாடு.

பாத்திரம்: கடையில் சோறு கட்டிக்கொடுக்கும், மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா. அடியில் சூடான ஆணியால் பன்னிரண்டு ஓட்டை. கலவையை மூன்று விரற்கடை உயரம் நிரப்பி, அழுத்தாமல் தட்டிச் சமப்படுத்தி, தண்ணீர்த் தட்டில் உட்காரவைத்தேன். அடியிலிருந்து ஈரம் ஏறி மேற்புறம் கறுத்ததும் எடுத்துவிட்டேன். மேலிருந்து தண்ணீர் ஊற்றினால் விதையெல்லாம் ஒரு மூலைக்கு ஓடிவிடும்.

விதைக்கிற வேலையைத் தையல் மேசையில் வைத்துக்கொண்டேன். இயந்திரத்தின் ஊசிக்கு மேலே ஒரு சின்ன விளக்கு உண்டு. கறுப்புத் துணியில் கறுப்பு நூல் தைக்கும்போது அதுதான் எனக்குக் கண். டப்பாவை அதன் அடியில் வைத்தேன். மின்விசிறியை நிறுத்தச் சொன்னேன். வீட்டில் யாரும் தும்மக்கூடாது என்று உத்தரவு போட்டேன். பல்குச்சியின் நுனியை நாக்கில் தொடாமல், ஈரத்துணியில் தொட்டேன். அந்த ஈரத்தில் விதை ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டு வரும். ஈரம் கூடினால் மூன்று நான்கு சேர்ந்து வரும். குறைந்தால் பாதி வழியில் விழும். கலவை மேல் குச்சியைத் தொட்டதும் விதை அங்கே இறங்கிவிடும். இறங்கியதா என்பது தெரியாது. கறுப்புக் கரி மேல் கறுப்பு விதை. குச்சி நுனி வெறுமையாக இருக்கிறதா என்று விளக்கில் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும். இப்படி 60 விதைகளை ஒரு விரற்கடைக்கு ஒன்றாக வைத்தேன். ஒன்றே முக்கால் மணி நேரம் பிடித்தது. கழுத்து வலித்தது, ஆனால் இரண்டாம் விதைப்பில் தூவி நெருக்கிய தவறு திரும்ப நடக்கவில்லை.

களிமண் பூசிய விதை சுலபம், கடுகு போல விரலாலேயே வைக்கலாம். அதில் ஒரே ஒரு நுணுக்கம்: வைத்த உடனே தெளிப்பானால் பூத்தூறலாக நனைத்து, பூச்சு வெடித்துக் கரைகிறதா என்று பார்க்க வேண்டும். அரைகுறையாக நனைந்து மறுபடி காய்ந்தால் பூச்சு ஓடாக இறுகி, உள்ளே முளை மாட்டிக்கொள்ளும்.

டப்பாக்களை மூடி, கிழக்குப் பார்த்த சன்னலோரம், என் மேசைக் குழல்விளக்கின் அடியில் வைத்தேன். இரவு பத்துவரை நான் தைப்பதால் பத்துவரை அவற்றுக்கும் வெளிச்சம். ஐந்தாம் நாள் ஒன்று, ஆறாம் நாள் ஒன்பது, எட்டாம் நாள் 60இல் 43. பூசிய விதையில் 20க்கு 16. முளை என்றால் இரண்டு பச்சைப் புள்ளிகள், அவ்வளவுதான். பாதிக்கு மேல் முளைத்த அன்றே மூடியைச் சாய்த்துவைத்தேன், இரண்டு நாளில் எடுத்தே விட்டேன். மின்விசிறியைச் சுவரைப் பார்த்துத் திருப்பி மெதுவாக ஓடவிட்டேன். மேற்புறம் வெளுக்கும்வரை காத்திருந்துதான் அடியில் தண்ணீர் வைத்தேன். ஒரு நாற்றும் படுக்கவில்லை.

அதன் பிறகு மூன்று வாரம் ஒன்றுமே நடக்காது. இதை யாரும் சொல்லித் தருவதில்லை. தினமும் பார்த்தாலும் அதே அளவு. என் கணவர் டப்பாவைத் தூக்கிப் பார்த்து, "செம்பனைக் கன்றே இதைவிடச் சீக்கிரம் வளரும்" என்றார். மண்ணுக்கு மேலேதான் ஒன்றும் தெரியாது. டிசம்பர் 6ஆம் தேதி பெயர்த்து எடுத்தபோது, மண்ணுக்கு மேலே ஒரு சென்டிமீட்டர் உயரம் இருந்த நாற்றுக்குக் கீழே நான்கு சென்டிமீட்டர் வேர் இருந்தது.

பெயர்த்து நடும்போது இலையைப் பிடிக்க வேண்டும், தண்டைப் பிடிக்கக்கூடாது. இலை போனால் வேறு இலை வரும், தண்டு நசுங்கினால் கதை முடிந்தது. ஊசியின் காதுப்பக்கத்தால் அடியில் நெம்பி, இலையை இரு விரலால் தொட்டுத் தூக்கி, சின்னப் பிளாஸ்டிக் கோப்பைகளில் ஒவ்வொன்றாக நட்டேன். தண்ணீர் வைக்க அம்மா தம் பழைய மங்குகளைக் கொடுத்தார். ரப்பர்ப்பால் பிடித்த அதே பீங்கான் மங்குகள், பதினெட்டு இருந்தன; உள்ளே பழுப்பேறிய கறை இன்னும் போகவில்லை. ஒரு மங்கில் இரண்டு விரற்கடை தண்ணீர், அதில் கோப்பையை இருபது நிமிடம் உட்காரவைத்து எடுத்துவிடுவது. கணக்குத் தவறாமல் அம்மாவே அதைச் செய்தார். விடியற்காலையில் மங்குகளோடு நடமாடி எத்தனை வருடம் ஆயிற்றோ, நடையில் வேகம் வந்துவிட்டது.

ஒரு விஷயத்தில் மட்டும் அம்மாவுக்கும் எனக்கும் வாக்குவாதம். அவர் வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர். புகையிலைத் தேமல் நோய்க்குக் காரணமான வைரஸ், பதப்படுத்திய புகையிலையிலும் உயிரோடிருக்கும். அதைத் தொட்ட கையால் பெட்டூனியாவைத் தொட்டால் இதற்கும் ஒட்டும். சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத் தொடுங்கள் என்றேன். "என் கையால் உன்னையே வளர்த்தேன்" என்றார். பிறகு கழுவத்தான் செய்தார். அதே காரணத்துக்காக மிளகாய்ச் செடிகளையும் கொல்லையின் மறுகோடிக்கு நகர்த்தினேன்.

நாற்று ஆறு இலை விட்டதும், கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு, எல்லாவற்றின் கொழுந்தையும் கிள்ளினேன். கிள்ளாமல் விட்டால் ஒற்றைத் தண்டாக ஓடி உச்சியில் நாலு பூ வைத்துச் சாயும். கிள்ளினால் ஒவ்வோர் இலைக்கணுவிலிருந்தும் ஒரு கிளை. மனம் கேட்காமல் மூன்று செடிகளைக் கிள்ளாமல் விட்டேன். அந்த மூன்றும் பிற்பாடு குச்சி ஊன்றி நிறுத்த வேண்டியவையாக ஆயின.

அப்போது ஒரு சறுக்கல். பெரிய சட்டிகளுக்கு மாற்றும்போது வடிகால் நன்றாக இருக்கட்டும் என்று உமிக்கரியைப் பாதிக்குப் பாதி சேர்த்துவிட்டேன். பத்து நாளில் கொழுந்து இலைகள் மஞ்சளாகின, நரம்புகள் மட்டும் பச்சையாக வலை போட்டது போல. அடியிலைகள் மஞ்சளானால் தழைச்சத்துக் குறை. கொழுந்து மஞ்சளானால் இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இல்லை என்பதல்ல. கரியின் காரத்தன்மையில் இரும்பு கரையாமல் பூட்டிக்கொண்டது. பெட்டூனியாவுக்குக் கொஞ்சம் புளிப்பான மண்தான் சரி. கார அமில அளவு 5.5லிருந்து 6 வரை. வேரைக் கலைக்காமல் சட்டிகளின் மேற்பாதிக் கலவையைச் சுரண்டி எடுத்து நார்த்தூளை நிரப்பினேன், கரையும் இரும்புச்சத்து மருந்தை இரண்டு முறை ஊற்றினேன். புதுக்கொழுந்து பச்சையாக வந்தது. மஞ்சளான இலைகளில் பாதி தேறவே இல்லை. இப்போது உமிக்கரி ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போடுவதில்லை, அதையும் கழுவித்தான் போடுகிறேன். உரம் என்றால் 12:12:17 என்று எழுதிய நீல உருண்டை உரம், சட்டிக்கு அரைத் தேக்கரண்டி, மூன்று வாரத்துக்கு ஒரு முறை.

கூரை என் கணவரின் கைவேலை. வாசல் சுவரோரம் இரண்டு இரும்புக் குழாய் நட்டு, ஒளி புகும் நெளிதகடு இரண்டைச் சாய்வாகப் போட்டார். பக்கங்கள் திறந்திருக்கும். காலை வெயில் மதியம்வரை நேராக விழும். பிற்பகலில் வீட்டு நிழல் வந்துவிடும். நம் பக்கத்து இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தானே வருகிறது, அப்போது செடி நனையாது. செலவு 140 வெள்ளி. கேமரனில் இருந்து வாங்கிவந்து கொன்ற செடிகளின் மொத்த விலை இதைவிட அதிகம் என்பதை அவர் இரண்டு முறை சொன்னார்.

ஜனவரி 24ஆம் தேதி முதல் பூ, விதைத்து 75 நாள். வேடிக்கை என்னவென்றால் பூத்தது நான் எதிர்பார்த்த கொழுத்த செடி அல்ல. இடமில்லாமல் வாசல் விளக்கின் கீழே ஓரமாக ஒதுக்கிய நோஞ்சான் சட்டி. மற்றவை பூக்க இன்னும் பதினொரு நாள் ஆயிற்று. யோசித்துப் பார்த்தேன். அந்த 9 வாட் எல்இடி விளக்கு இரவு முழுக்க எரிவது, சட்டிக்கு அரை மீட்டர் உயரத்தில். பெட்டூனியா நீண்ட பகலை விரும்புகிற செடி. பகல் 13 மணி நேரத்துக்கு மேல் நீண்டால் சீக்கிரம் அரும்பு கட்டும். கோடைகாலம் உள்ள தேசங்களில் அது தானாகக் கிடைக்கும். பூமத்திய ரேகைக்கு ஐந்து டிகிரி வடக்கே இருக்கிற நமக்கு வருடம் முழுக்கப் பகல் 12 மணி நேரத்தை ஒட்டியே நிற்கும். ஒரு சட்டியை வைத்து விதி எழுதக்கூடாதுதான்; ஆனாலும் அடுத்த தடவை எல்லாச் சட்டிக்கும் மேலே ஒரு விளக்கு தொங்கும் என்று முடிவு செய்துவிட்டேன். படரும் வகைகள் நீண்ட பகலை இன்னும் கண்டிப்பாகக் கேட்குமாம். அவற்றை நான் வாங்காதது நல்லதாயிற்று.

தைப்பூசத்தை ஒட்டிய வாரங்களில் வாசல் கொள்ளாத பூ. கிராண்டிபுளோராவில் ஒன்றைத் தையல் டேப்பால் அளந்தேன்: ஒன்பதரை சென்டிமீட்டர். கரும்ஊதா, கழுத்தில் கறுப்பு நரம்பு, ஓரத்தில் சுருக்கு. வெல்வெட் துணியை நீளவாட்டில் தடவினால் ஒரு நிறம், எதிர்வாட்டில் தடவினால் வேறு நிறம் காட்டும் அல்லவா, அந்த இதழும் அப்படித்தான். இரவு எட்டு மணிக்கு மேல் வெள்ளைப் பூக்களிலிருந்து மெல்லிய இனிப்பு வாசம் வந்தது. பகலில் மூக்கை ஒட்டி வைத்தாலும் வராத வாசம். காட்டில் வெள்ளைப் பெட்டூனியா இராத்திரி அந்துப்பூச்சிக்குப் பூக்கிற செடி; வீட்டுக்கு வந்த பிறகும் பழைய வேலை நேரத்தை விடவில்லை.

புழு வந்தது. அரும்பில் குண்டூசி குத்தியது போல் ஓட்டை, பிசுபிசுத்த இலையில் மிளகுத்தூள் போல எச்சம். பகலில் தேடினால் கிடைக்காது. இரவு ஒன்பது மணிக்குக் கைவிளக்கோடு போனால் பச்சைத் தண்டில் பச்சையாகப் படுத்திருக்கும். இடுக்கியால் எடுத்துச் சோப்புத் தண்ணீரில் போட்டேன். முதல் இரவு பதினான்கு, ஒரு வாரத்தில் பூஜ்யம். மருந்து அடிக்கவில்லை.

வாடிய பூவைக் கிள்ளும்போது இதழை மட்டும் உருவினால் பயனில்லை. பச்சைப் புல்லிவட்டத்தோடு சேர்த்துக் காம்பில் கிள்ள வேண்டும். இல்லையென்றால் உள்ளே காய் பிடித்து, செடி பூப்பதை விட்டுவிட்டு விதை கட்டப் போய்விடும். தினமும் காலையில் பத்து நிமிடம். கை முழுக்கப் பிசின் ஒட்டும். வெள்ளைத் துணி தைக்கிற நாளில் செய்யாதீர்கள்.

ஏப்ரலில் பரீட்சை வந்தது. ஒரு சனிக்கிழமை பிற்பகல் காற்றோடு அடித்த மழையில் கூரைத்தகடு ஒன்று கழன்று, முக்கால் மணி நேரம் ஏழு சட்டிகள் நனைந்தன. கிராண்டிபுளோராப் பூக்கள் நனைந்த மெல்லிதாள் போல இலைமேல் ஒட்டிக்கொண்டன; மறுநாள் அவற்றின் மேல் சாம்பல் பூசணம். ஒன்றையும் காப்பாற்ற முடியவில்லை, எல்லாவற்றையும் கிள்ளிப் போட்டேன். அதே மழையில் நனைந்த மல்டிபுளோரா மறுநாள் பத்து மணிக்கு ஒன்றும் நடக்காதது போல் நிமிர்ந்து நின்றது. வேர் எதுவும் அழுகவில்லை, சட்டிகளில் தண்ணீர் தங்கவில்லை. என்னைக் கேட்டால் நம் ஊரில் கூரையில்லாத வாசலுக்கு மல்டிபுளோரா மட்டும்தான். கிராண்டிபுளோரா கூரைக்கு உள்ளே, நாலே நாலு சட்டி, பார்வைக்கு.

இப்போது மே மாதம். பழைய செடிகள் அடியில் மொட்டையாகி நீண்டுவிட்டன, பாதிக்கு வெட்டிவிட்டேன். பூக்காத நுனிகளை ஏழு சென்டிமீட்டருக்கு நறுக்கி நார்த்தூளில் குத்திவைத்ததில் பன்னிரண்டில் எட்டு வேர்விட்டன. மல்டிபுளோராவில் இரண்டு காய்களை மட்டும் கிள்ளாமல் முற்றவிட்டேன். பழுப்பாகி நுனி பிளந்ததும் தாளில் தட்டினால் ஒரு காயில் நூற்றுக்கும் மேல் விதை. கலப்பின விதையிலிருந்து வந்த செடி என்பதால் பிள்ளைகள் தாயைப் போல இருக்காது, என்ன நிறம் வருமோ பூத்தால்தான் தெரியும். கால்வாசியை விதைத்துவிட்டேன், இன்று காலைக் கணக்குக்குப் பதினொரு முளை. மிச்ச விதை அம்மாவின் பழைய சுண்ணாம்பு டப்பியில் இருக்கிறது. யாரும் பொடி என்று எண்ணி மூக்கில் வைத்துவிடாதபடி மூடியில் 'பூ விதை' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.